வலி நின்ற பல்லுக்கு எதற்கு ரூட் கெனால்?

கேள்வி இது: "போன மாதம் வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் மூன்று ராத்திரி தூங்கவிடவில்லை. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டேன். நான்காம் நாள் வலி நின்றுவிட்டது. இப்போது சுத்தமாக வலியே இல்லை. டாக்டரிடம் காட்டினால் எக்ஸ்ரே எடுத்துவிட்டு ரூட் கெனால் செய்து கேப் போட வேண்டும் என்கிறார். வலிக்காத பல்லுக்கு எதற்கு இவ்வளவு செலவு? பேசாமல் பிடுங்கிவிடலாமா? பிடுங்கினால் கண் பார்வை மங்கும் என்று அம்மா பயப்படுகிறார். அம்மாவுக்கும் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. க்ளீன் பண்ணப் போனால் பல் ஆட ஆரம்பிக்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவைத்திருக்கிறார்கள். என் மகளுக்கு ஏழு வயது, கீழ்வரிசைக் கடைசிப் பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி. பால்பல்தானே, விழுந்துவிடுமே?"

இருபது வருடத்துக்கு மேலாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். முதல் கேள்வியை வாரத்துக்கு இரண்டு பேராவது என் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறார்கள். உங்கள் எக்ஸ்ரேயை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன வரிசை, மூன்று ராத்திரி வலி, நான்காம் நாள் சட்டென்று அமைதி, எனக்கு நன்றாகப் பழகிய வரிசை. பெரும்பாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். பல் குணமாகவில்லை, உள்ளே இருந்த நரம்பு செத்துவிட்டது. வலியைச் சொல்ல ஆள் இல்லை, அதனால் வலிக்கவில்லை.

எப்படி என்று சொல்கிறேன். பல்லின் மேலோடு எனாமல். நம் உடம்பிலேயே கெட்டியான பொருள் அதுதான், எலும்பை விடக் கெட்டி. எடையில் 96 சதவீதம் தாதுப்பொருள். அதற்குள் உயிர் கிடையாது. அதனால் தோல் கிழிந்தால் ஆறுகிற மாதிரி, எலும்பு முறிந்தால் கூடுகிற மாதிரி, எனாமலில் விழுந்த குழி தானாக மூடாது. எனாமலுக்கு அடியில் டென்டின், அது கொஞ்சம் மிருது. அதற்கும் உள்ளே நடுவில் ஒரு சின்ன அறை. ரத்தக்குழாயும் நரம்பும் அந்த அறையில்தான் இருக்கின்றன. அங்கிருந்து வேர்களின் உள்ளே மெல்லிய குழாய்களாக இறங்கி, வேரின் நுனியில் உள்ள ஊசிமுனைத் துவாரம் வழியாகத் தாடை எலும்புக்குள் போகின்றன.

சொத்தை எனாமலில் இருக்கும்வரை உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. டென்டினுக்கு வந்ததும் ஐஸ்கிரீம் பட்டால், லட்டு பட்டால் ஜிவ்வென்று ஒரு கூச்சம், இரண்டு மூன்று நொடியில் போய்விடும். இந்தக் கட்டத்தில் வந்தால் சுரண்டி எடுத்து அடைத்து அனுப்பிவிடுவோம். அரைமணி நேர வேலை. யாரும் வருவதில்லை. அடுத்தது, கூச்சம் நொடியில் போகாமல் நிமிடக்கணக்கில் நிற்கும், சூடு பட்டாலும் தெறிக்கும். உள்ளே நரம்பறை வீங்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். கையில் அடிபட்டால் வீங்க இடம் இருக்கிறது. பல்லுக்குள் நான்கு பக்கமும் கல்சுவர். வீக்கத்துக்குப் போக்கிடம் இல்லாததால் எல்லா அழுத்தமும் நரம்பின் மேலேயே விழுகிறது. படுத்தால் தலைக்கு ரத்த அழுத்தம் கூடும், அதனால்தான் பல்வலி ராத்திரியில் உயிரை எடுக்கிறது.

இதில் ஒரு விசித்திரமான கட்டமும் உண்டு. ஒருமுறை ஒரு லாரி டிரைவர் கையில் தண்ணீர் பாட்டிலோடு உள்ளே வந்தார். ஒரு வாய் குளிர்ந்த தண்ணீரைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருந்தார். பேச வேண்டுமென்றால் துப்பிவிட்டு இரண்டு வார்த்தை, உடனே அடுத்த வாய். குளிர்ச்சி பட்டால்தான் அந்தப் பல் சும்மா இருந்தது. ராத்திரி முழுக்க சேலம் தாண்டி இப்படியே ஓட்டி வந்திருக்கிறார். நரம்பு சாகப்போகிற கடைசி நேரத்தில் சிலருக்கு இப்படி ஆகும். அவர் பாட்டிலைப் பார்த்ததும் எக்ஸ்ரே எடுக்காமலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அதற்கு அப்புறம் வருவதுதான் உங்களுடைய நான்காம் நாள். நரம்பு அழுகிவிடும், வலி நிற்கும். வாங்கிப் போட்ட மாத்திரைக்குப் பெயர் போகும். உண்மையில் அந்த மாத்திரைக்கும் உங்கள் பல்லுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. ஆன்டிபயாடிக் ரத்தத்தோடுதான் பயணம் செய்யும். செத்த நரம்பறைக்கு ரத்த ஓட்டமே கிடையாது, மருந்து எந்த வழியாகப் போகும்? முகம் வீங்கிக் காய்ச்சல் வரும்போது ஆன்டிபயாடிக்குக்கு வேலை உண்டு. அப்போதும் அது பரவுகிற கிருமியைத்தான் தடுக்கும், பல்லுக்குள் இருக்கிற குப்பையை எடுக்காது. மெடிக்கலில் "பல்வலிக்கு ஒரு செட்" என்று கேட்டு வாங்குகிற பழக்கம் என் கோபத்தை அதிகம் கிளப்புகிற பழக்கம்.

இப்போது உங்கள் பல்லில் என்ன நடந்துகொண்டிருக்கும்? அழுகிய நரம்பறையில் கிருமிகள் நிம்மதியாகக் குடியிருக்கின்றன. அவற்றின் கழிவு வேர் நுனித் துவாரம் வழியாக எலும்புக்குள் கசிகிறது. உடம்பு அந்த இடத்து எலும்பைக் கரைத்துவிட்டு ஒரு தடுப்பு வேலி போடுகிறது. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் மிளகு அளவோ பட்டாணி அளவோ கறுப்பாகத் தெரிவது அதுதான். டாக்டரிடம் எக்ஸ்ரேயைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். "எந்த இடம்?" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கதிர்வீச்சு பயமும் வேண்டாம். ஒற்றைப் பல்லுக்கு எடுக்கும் சின்ன எக்ஸ்ரேயில் உள்ள கதிர்வீச்சு, சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒருநாளில் நமக்குக் கிடைப்பதைத் தாண்டாது.

இந்தக் கசிவு மாதக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கும். சிலருக்கு ஈறில் பரு மாதிரி ஒன்று வந்து, உடைந்து, உப்புக் கரிக்கிற மாதிரி ஒரு சுவை வந்து, மறுபடி மூடும். சிலருக்கு ஒருநாள் காலையில் கன்னம் வீங்கியிருக்கும். அப்போது வெளியே ஒத்தடம் கொடுக்காதீர்கள், சூடு சீழை வெளிப்பக்கமாக இழுக்கும். தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் வீங்கினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ, நாக்கு மேலே தூக்கிக்கொண்டாலோ, மூச்சு திணறினாலோ கிளினிக் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நேரே பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். பல்லிலிருந்து கிளம்பிய சீழ் மூச்சுக்குழாயை அடைத்து உயிர் போவது இந்தக் காலத்திலும் நடக்கிறது.

சரி, ரூட் கெனால் என்றால் என்ன செய்வார்கள்? பெயரைக் கேட்டாலே பலர் நடுங்குகிறார்கள். முதலில் மரத்துப்போக ஊசி. அந்த ஊசி குத்தும் சில நொடிதான் பெரும்பாலானவர்களுக்கு இதில் உள்ள மொத்த வலியும். கீழ்த்தாடை என்பதால் பாதி உதடும் நாக்கும் மரக்கும், இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே இருக்கும். அதற்குள் சாப்பிட உட்கார்ந்தால் கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள். அடுத்து, பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் ஷீட் மாட்டி அந்த ஒரு பல்லை மட்டும் வெளியே எடுத்து வைப்பார்கள். எச்சில் உள்ளே போகக்கூடாது, மருந்தும் ஊசிகளும் தொண்டைக்குள் விழக்கூடாது, அதற்காக. பல்லின் மேலே ஒரு வாசல் திறந்தால் நரம்பறை. கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர், மூன்று குழாய். சிலருக்கு நான்கு. தலைமுடி அளவு குறுகிய அந்த வழியில் ஃபைல் என்கிற மெல்லிய அரத்தை விட்டு அழுகலைச் சுரண்டி எடுக்க வேண்டும். நுனி எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. ஃபைலில் ஒரு மெஷினை மாட்டுவோம், நுனியை நெருங்க நெருங்க அது பீப் அடிக்கும், லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்குமே அந்த மாதிரி. நடுநடுவே ஒரு திரவத்தால் கழுவுவோம். நீச்சல் குளத்தில் வருகிற வாசனை வரும். அது சோடியம் ஹைப்போகுளோரைட், துணி வெளுக்கப் பயன்படுகிற அதே சரக்கு.

சுத்தமான குழாயைக் காலியாக விடமுடியாது. அதை நிரப்ப ஊசி மாதிரியான இளஞ்சிவப்புக் குச்சிகள் வைப்போம், பெயர் கட்டாபெர்ச்சா. மலேயாப் பக்கத்துக் காட்டு மரத்தின் பால் அது. அந்தக் காலத்தில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு மேலுறை போட்டது இதை வைத்துத்தான். தந்தி போய்விட்டது, மரப்பால் மட்டும் நம் பல்லுக்குள் இன்னும் வேலை பார்க்கிறது.

ஒரே நாளில் முடிப்பதும் உண்டு, இரண்டு மூன்று முறை கூப்பிடுவதும் உண்டு. சீழ் இருந்தால் இடையில் மருந்து வைத்து மூடி அனுப்புவார்கள். இங்கேதான் நம் ஆட்கள் காணாமல் போகிறார்கள். முதல் நாளிலேயே வலி போய்விடும், தற்காலிக சிமென்ட்டோடு ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த சிமென்ட் சில வாரத்துக்குத்தான். இன்னொரு வகை, ரூட் கெனாலை முடித்துக்கொண்டு "கேப்பை அப்புறம் பார்க்கலாம் சார்" என்று போகிறவர்கள். சொத்தை ஏற்கெனவே பாதிப் பல்லைத் தின்றிருக்கும். மீதியில் நாம் வேறு நடுவில் வாசல் திறந்திருக்கிறோம். அது சுவர் மட்டும் நிற்கிற வீடு, பல்லின் மேல் மாட்டுகிற உறையான கேப்தான் அதற்குக் கூரை. ஒருவர் இரண்டு வருடம் கழித்து முறுக்கு கடித்தபோது பல் மேலிருந்து வேர்வரை இரண்டாகப் பிளந்துகொண்டு வந்தார். ரூட் கெனால் செய்த இடம் அப்படியே நன்றாக இருந்தது, பல்தான் இல்லை. கடைவாய்ப்பல்லுக்கு கேப் போடும் காசு கையில் வரும்வரை தள்ளிப்போடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். காசு விஷயத்தை முதல் நாளே டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். எல்லா விலையிலும் கேப் இருக்கிறது. வெள்ளி நிறத்தில் இருக்கும் உலோக கேப் கடைவாயில் நன்றாகவே உழைக்கும். சிரித்தால் தெரியாத இடத்துக்கு ஜிர்கோனியா என்கிற விலை அதிகமான பீங்கான் வகை கேப் கட்டாயம் இல்லை. தனியாரில் முடியவே முடியாதென்றால் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, சென்னை முத்துசாமி சாலையில், சிதம்பரத்தில், புதுக்கோட்டையில். நேரம் ஆகும், நாலு தடவை நடக்க வேண்டும். ஆனால் மாணவர்கள் செய்கிற ஒவ்வொரு வேலையையும் மேலே ஒரு பேராசிரியர் சரிபார்ப்பார். நான் படித்ததும் அப்படித்தான்.

பிடுங்கிவிடலாமா என்று கேட்டீர்கள். சில பற்களைப் பிடுங்கத்தான் வேண்டும். வேர் பிளந்திருந்தால், ஈறுக்குக் கீழேவரை சொத்தை போயிருந்தால், சுற்றி எலும்பே இல்லாமல் ஆடினால் ரூட் கெனால் செய்வது காசைக் கரைக்கிற வேலை. உங்கள் டாக்டர் காப்பாற்றலாம் என்கிறார் என்றால் அந்த நிலை இல்லை போலிருக்கிறது. பிடுங்கினால் அன்றைக்கு செலவு கம்மி, உண்மைதான். ஆனால் பற்கள் ஒன்றையொன்று அண்டி நிற்பவை. நடுவில் ஒன்று போனால் பின்னால் இருப்பது முன்பக்கம் சாயும், மேலே கடிக்க ஜோடி இல்லாத பல் மெல்லக் கீழே இறங்கும். ஐந்தாறு வருடம் கழித்து அந்த இடத்தில் பல் கட்ட வந்தால் கட்ட இடமே இருக்காது.

கட்டுவதென்றால் மூன்று வழி. கழற்றி மாட்டும் பல் செட் மலிவு, ஒற்றைப் பல்லுக்கு அது தொல்லை. பிரிட்ஜ் என்றால் இரண்டு பக்கமும் உள்ள நல்ல பற்களைச் செதுக்கி மூன்றையும் சேர்த்து ஒரு கேப். பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே பெரிய ஃபில்லிங் இருந்தால் சரி. சொத்தையே இல்லாத பல்லைச் செதுக்குவது எனக்கு இன்றைக்கும் மனசு ஒப்பாத வேலை. மூன்றாவது இம்ப்ளான்ட், எலும்பில் டைட்டானியம் திருகு. 1952இல் ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் பிரோனமார்க் என்பவர் முயலின் கால் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்க்க ஒரு டைட்டானியக் கருவியை வைத்திருந்தார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை, எலும்பு அதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டது. அங்கே பிறந்த யோசனை. 1965இல் முதல் மனிதருக்கு வைத்தார்கள். நல்ல சிகிச்சை. ஆனால் எலும்பு பிடிக்க மூன்று மாதமாவது ஆகும், செலவும் பெரும்பாலும் ரூட் கெனாலும் கேப்பும் சேர்ந்ததை விட அதிகம். ஆகவே கணக்குப் போட்டால், பிடுங்குவது மலிவு என்பது பிடுங்கிவிட்டு ஓட்டையாக விட்டால் மட்டும்தான்.

அம்மாவின் கண் பயத்துக்கு வருகிறேன். கண்ணிலிருந்து பார்வையைக் கொண்டுபோகும் நரம்பு வேறு. மூளையிலிருந்து வரும் நரம்பு ஜோடிகளில் அது இரண்டாவது. பல்லின் உணர்ச்சியைக் கொண்டுபோவது ஐந்தாவது. ஐந்தாவது நரம்பு மூன்றாகப் பிரிந்து நெற்றி, மேல்தாடை, கீழ்த்தாடை என்று போவதால் மேல்பல் வலித்தால் கண்ணைச் சுற்றி வலிப்பது போல இருக்கும். அவ்வளவுதான் தொடர்பு. அப்புறம், நம் ஊரில் பல் பிடுங்க வருகிற வயதும் வெள்ளெழுத்து வருகிற வயதும் ஒன்று, நாற்பதைத் தாண்டிய வயது. பல் போன மறுவருடம் பேப்பர் படிக்கக் கண்ணாடி தேவைப்பட்டால் பழி பல் டாக்டர் மேல்தான் விழும். இதில் வேடிக்கை, பிடுங்காமல் விட்ட மேல்வரிசை அழுகல் பல்லிலிருந்து சீழ் கண்பக்கம் ஏறுவது அபூர்வமாக நடக்கக்கூடிய உண்மையான ஆபத்து. அம்மா பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

எப்போதாவது பல் பிடுங்க நேர்ந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஆபரேஷன் மாதிரி நினைத்து வெறும் வயிற்றோடு வருகிறார்கள். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்து நாற்காலியிலேயே மயங்கிச் சரிந்த பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மரத்துப்போகும் ஊசிக்குப் பட்டினி தேவையில்லை. பிரஷர், சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்குப் போட்ட ஊசி, எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இதய மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிடுங்கிய பிறகு பஞ்சை முக்கால் மணி நேரம் கடித்துக்கொண்டு, எச்சிலைத் துப்பாமல் விழுங்க வேண்டும். துப்பித் துப்பித்தான் ரத்தக்கட்டியைப் பெயர்த்துவிட்டு "நிற்கவே மாட்டேங்குது" என்று ராத்திரி போன் செய்வார்கள். அன்றைக்கு ஸ்ட்ரா, சிகரெட், சூடான காபி மூன்றும் கூடாது. மூன்றாம் நாள் வாக்கில் வலி குறைவதற்குப் பதில் காதுவரை கூடினால் கட்டி பெயர்ந்து எலும்பு திறந்துவிட்டது என்று பொருள், திரும்பப் போய் மருந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அம்மாவின் ஈறு. பல் தேய்க்கும்போது ரத்தம் வருவது பிரஷ் குத்தியதால் என்று நினைத்து அந்த இடத்தை விட்டுவிட்டுத் தேய்ப்பார்கள், அழுக்கு கூடும், ரத்தம் இன்னும் கூடும். ஈறு ஓரத்தில் படிகிற கிருமிப் படலத்தைத் துடைக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கெட்டியாகிவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடிக்குமே, அந்தக் காரைதான். பிரஷ்ஷால் அது வராது. காரையை ஒட்டி ஈறு வீங்கும், பிறகு உள்ளே எலும்பு மெல்ல மெல்லத் தேயும். வலிக்காது. பல மாதங்கள், வருடங்கள் வலிக்கவே வலிக்காது.

க்ளீன் பண்ணினால் பல் ஆடும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், எலும்பு போன பற்களைச் சில வருடமாகக் காரைதான் சிமென்ட் பூசின மாதிரி சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரியும். இடைவெளியும் அப்படித்தான். அங்கே காரை இருந்தது, இப்போது இல்லை. க்ளீன் பண்ணுகிற ஸ்கேலிங் மெஷின் பல்லைச் சுரண்டுவதில்லை. நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்கிற ஒரு முனை, கூடவே தண்ணீர், அந்த அதிர்வில் காரை உதிர்கிறது. ஒரு வாரம் பல் கூசும், குளிர்ந்த தண்ணீரைத் தவிர்த்தால் சரியாகிவிடும். அம்மாவுக்கு சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இந்த வேலை இன்னும் அவசரம். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறில் சீழ் இருந்தால் சர்க்கரை கட்டுப்படாது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் கன்னத்தின் உள்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், முன்பு போல வாய் திறக்க முடியாமை, இதில் எது இருந்தாலும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

மகளின் பல்தான் எனக்கு அதிகக் கவலை. ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லி, நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டே போங்கள். முன்பல் விழுந்த இடம் காலியாக இருந்தால் அதையும் ஒன்று என்று எண்ணுங்கள். பால்பல் ஒரு பக்கத்துக்கு ஐந்துதான். ஆறாவதாக ஒன்று இருந்தால் அது பால்பல் கிடையாது. ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலேயே பால்பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல் அது. எழுபது வயதுவரை மெல்ல வேண்டிய பல். பால்பல் என்று விட்டுவிட்டு, பத்து வயதில் பிள்ளையை ரூட் கெனாலுக்குத் தூக்கிவரும் பெற்றோரைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. உங்களுடைய கீழ்க் கடைவாய்ப்பல்லும் ஒருவேளை அதே ஆறு வயதுப் பல்லாக இருக்கலாம். நிரந்தரப் பற்களில் பெரும்பாலும் முதலில் சொத்தையாவது அதுதான்.

கறுப்புப் புள்ளி வெறும் கறையாகவும் இருக்கலாம், சொத்தையின் வாசலாகவும் இருக்கலாம், டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும். சொத்தை என்றால் இப்போது சின்ன ஃபில்லிங். சொத்தை இல்லையென்றால் பல்லின் மேல் உள்ள பள்ளங்களை ஒரு பூச்சால் மூடிவிடலாம், சீலன்ட் என்பார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. எண்ணிப் பார்த்து அது ஐந்தாவது பல்தான் என்றாலும் விட்டுவிடாதீர்கள். பின்பக்கப் பால்பல் பத்து, பன்னிரண்டு வயதுவரை நிற்க வேண்டியது. முன்னதாகப் போனால் பக்கத்துப் பல் சாய்ந்து, அடியில் வருகிற பல் வழியில்லாமல் கோணிக்கொண்டு வரும். பிறகு கம்பி போட வேண்டும்.

சொத்தை ஏன் வருகிறது என்பதை வைத்து வீட்டில் ஒன்றை மாற்றலாம். வாயில் உள்ள கிருமி சர்க்கரையைத் தின்று அமிலம் விடும். எச்சில் அதை மட்டுப்படுத்த அரைமணி நேரம்போல ஆகும். ஆக, எவ்வளவு இனிப்பு என்பதை விட எத்தனை தடவை என்பது முக்கியம். இதையும் அதே லுண்ட் நகரத்தில்தான் கண்டுபிடித்தார்கள், 1945 முதல் 1955 வரை. கண்டுபிடித்த விதம் வெட்கக்கேடு. மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான காப்பகத்தில் இருந்தவர்களுக்கு ஒட்டிப்பிடிக்கிற டாஃபியைக் கொடுத்துக் கொடுத்துப் பல்லைக் கெடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு இனிப்பு சாப்பிட்டவர்களுக்கு அதிகம் கெடவில்லை, நடுநடுவே டாஃபி மென்றவர்களுக்கு வாயே போயிற்று. அதன் பிறகு ஸ்வீடனில் பிள்ளைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமை மட்டும் என்று ஒரு வழக்கமே வந்துவிட்டது. நம் வீடுகளில் நாலு மணி டீயில் தோய்த்த பிஸ்கட், டியூஷன் போகும் வழியில் ஒரு மிட்டாய், டிவி பார்க்கும்போது இன்னொன்று. விசேஷத்தில் இலையில் வைத்த ஜாங்கிரியை நான் தடுக்க மாட்டேன், இந்த நடுநடுவேயைத்தான் குறையுங்கள்.

காலையில் காபிக்கு முன் பல் தேய்ப்பது நம் வழக்கம், அது இருக்கட்டும். ஆனால் ஒரு தடவைதான் முடியும் என்றால் ராத்திரித் தேய்ப்பதைத் தேர்ந்தெடுங்கள். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறையும், கிருமியைத் தடுக்க ஆள் இருக்காது. மிருதுவான பிரஷ், ஈறு ஓரமாகச் சாய்த்துப் பிடித்து, இரண்டு நிமிடம். செங்கல் பொடி, கரிப்பொடி, உப்பு எல்லாம் எனாமலைத் தேய்ப்பவை. தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், நாலு மக்கு தண்ணீரில் கொப்பளித்து ஃபுளோரைடை எல்லாம் கழுவிவிடாதீர்கள்.

ஃபுளோரைடு விஷம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, அடுத்து அதைத்தான் கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். நான் சில வருடம் தர்மபுரியில் வேலை பார்த்தேன். அங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பாறையிலிருந்து வரும் ஃபுளோரைடு அளவுக்கு மீறி இருந்தது. வகுப்பறையில் பாதிப் பிள்ளைகள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார்கள், பல்லெல்லாம் பழுப்பு வரி. பெண் பார்க்க வருவதற்கு முன் பல்லை வெள்ளையாக்க முடியுமா என்று அழைத்துவருவார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது அதற்காகத்தான். ஆக, ஆபத்து உண்மை, ஆனால் அது வருடக்கணக்காகக் குடிக்கிற தண்ணீரில். பேஸ்ட் என்பது துப்புகிற பொருள். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, அதற்கு மேல் உங்கள் மகளுக்குப் பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் நீளத்துக்கு அலை அலையாகப் பிதுக்க வேண்டாம்.

இந்த வாரமே ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ரூட் கெனாலின் முதல் அமர்வு, அம்மாவுக்கு ஸ்கேலிங், மகளுக்கு அந்தப் புள்ளியைப் பார்ப்பது, மூன்றையும் ஒரே சாயங்காலத்தில் முடிக்கலாம். மகளை முதலில் உட்காரவையுங்கள், உங்களுக்கு ஊசி போடுவதை அவள் பார்க்க வேண்டாம். கிளம்பும் முன் மூன்று பேரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.